பறக்க விட்டால் புண்ணியமா?

*மனிதரைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் காக்கட்டீலுக்கு அந்தச் சிநேக குணமே ஆபத்து. கூண்டைத் திறந்துவிடுவது கருணை என்று நினைப்பவர்களும், கிடைத்த பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களும் யோசிக்க வேண்டியவை சில உண்டு.*

2024 மே 11, சனிக்கிழமை காலை. முந்தைய இரவு தில்லியைப் புரட்டியெடுத்த புழுதிப் புயலின் மிச்சங்கள் மயூர் விஹார் தெருக்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒடிந்த வேப்பங்கிளைகள், கிழிந்த விளம்பரத் தட்டிகள், யாருடைய மாடியிலிருந்தோ பறந்துவந்த ஒரு தண்ணீர்த்தொட்டி மூடி. எங்கள் குடியிருப்பின் காவலாளி கதவைத் தட்டுகிறார். கையில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி.

"மேடம்ஜி, ஒரு வெள்ளைக் கிளி. பூங்காவில் காக்கைகள் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன. நீங்கள் பால்கனியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறீர்களே, அதனால் உங்களிடம் கொண்டுவந்தேன்."

பெட்டியைத் திறந்தால் உள்ளே கிளி இல்லை. வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை உடல், தலையில் ஒடுங்கிக் கிடக்கும் கொண்டை, இரண்டு கன்னத்திலும் குங்குமப்பொட்டு வைத்ததுபோல் ஆரஞ்சு வட்டம், சிவப்புக் கண்கள். காக்கட்டீல். முதுகில் கொஞ்சம் ரத்தம். பயந்து பறக்கும் என்று எதிர்பார்த்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அது பறக்கவில்லை. நீட்டிய விரலில் ஏறி, கை வழியாக நடந்து தோளுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியின் காம்பை ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து காட்டியது. சொறிந்து விட வேண்டுமாம்.

என்னோடு இருக்கும் அம்மா எட்டிப் பார்த்தார். "வாயில்லா ஜீவன். தண்ணி காட்டிட்டுப் பறக்க விட்டுடு. பறவையைக் கூண்டுல அடைச்சா பாவம்" என்றார்.

நம் நாட்டில் நல்ல மனம் படைத்த எவரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். காக்கட்டீல் விஷயத்தில் அது மரண தண்டனைக்குச் சமம் என்பதை எனக்கு விளக்கியவர், அன்று மாலை அந்தப் பறவையைச் சோதித்த கால்நடை மருத்துவர்.

காட்டைப் பார்க்காத நிறம்

காக்கட்டீலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. வால் உட்பட ஓர் அடி நீளம், எடை 80 முதல் 100 கிராம்வரை. அங்கே வறண்ட உள்நாட்டுப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும். எங்கே மழை பெய்து புல் விதை கட்டுகிறதோ அங்கே போகும்; தண்ணீர் வற்றினால் இடம் மாறும். உணவை எங்கே தேடுவது, பருந்தைக் கண்டால் எப்படிச் சிதறுவது என்பதையெல்லாம் கூட்டத்திலிருந்தே இளம் பறவை கற்றுக்கொள்கிறது.

இந்தியக் கடைகளில் விற்கப்படும் காக்கட்டீல்கள் அந்தக் கூட்டத்தை விட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டன. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியைத் தடை செய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே காக்கட்டீல்கள் கூண்டுகளில் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன. இன்று கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ மும்பை கிராஃபோர்ட் மார்க்கெட்டிலோ வாங்கப்படும் காக்கட்டீல், கூண்டில் பிறந்த பறவைக்குக் கூண்டில் பிறந்த குஞ்சு.

அட்டைப்பெட்டியில் வந்த எங்கள் விருந்தாளி இன்னும் ஒரு படி மேலே. காட்டில் வாழும் காக்கட்டீல் சாம்பல் நிறம். மண்ணோடும் மரத்தோடும் கலந்து மறைந்துவிடும். 'லூட்டினோ' எனப்படும் இந்த வெளிர் மஞ்சள் வகை, கருநிறமி இல்லாமல் பிறந்த பறவைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் வந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிளாரிடாவில் ஒரு வளர்ப்பாளரின் கூண்டில்தான் இது நிலைபெற்றது. தில்லியின் வேப்பமரத்தில் உட்கார்ந்தால் அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் காக்கைக்கும் பருந்துக்கும் தெரியும்.

சிநேகத்தின் விலை

அப்படியானால் இந்தச் சிநேகம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை இனிமையானதல்ல. முட்டையிலிருந்து வந்து இரண்டு மூன்று வாரமே ஆன குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து, ஊசிக்குழல் அல்லது கரண்டி மூலம் கூழ் ஊட்டி வளர்க்கிறார்கள். கண் திறந்த சில நாட்களிலேயே தாயைப் பிரிந்து மனிதக் கையைத் தாயாக நினைக்கத் தொடங்கும் குஞ்சு மனிதரையே தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது. 'கையில் வளர்ந்தது' என்ற அடைமொழியோடு விலையும் கூடுகிறது.

இப்படி வளர்ந்த பறவை வெளியே தனித்து விடப்பட்டால் என்ன செய்யும்? புல் விதையைத் தேடாது. காணும் முதல் மனிதரிடம் இறங்கும். அந்த மனிதர் கல்லெடுக்கிறவரா, விற்கிறவரா, அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறவரா என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. பூங்காவில் எங்கள் காவலாளி கையை நீட்டியதும் தானாகவே ஏறியதாம். மரத்தின் உச்சிக்குப் போகத் தெரிந்த பறவையாக இருந்திருந்தால் அவர் கைக்குக் கிடைத்திருக்காது, காக்கைகளிடமும் சிக்கியிருக்காது.

பச்சைக்கிளியின் கதை இதற்கு நேர்மாறு. அது இந்த மண்ணின் பறவை. காயம் ஆறிப் பறக்கும் திறன் இருந்தால் தில்லியின் எந்த அரசமரத்திலும் தன் இனத்தோடு சேர்ந்துவிட முடியும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை வீட்டில் வைத்துக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. ஜோசியக்காரர் கையில் இருந்தாலும், பாட்டி வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் குற்றம் குற்றமே. காயம்பட்ட பச்சைக்கிளி கிடைத்தால் வனத்துறைக்கோ அங்கீகாரம் பெற்ற மீட்பு மையத்துக்கோ தகவல் சொல்வதுதான் வழி.

காக்கட்டீலுக்கு அந்தத் தடை இல்லை. அழியும் இனங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தம் ஏறத்தாழ எல்லாக் கிளி இனங்களையும் தன் பட்டியலில் சேர்த்துவிட்டு, விலக்கு அளித்திருக்கும் நான்கே இனங்களில் காக்கட்டீலும் ஒன்று. எனவே மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி செய்துகொள்ள வேண்டிய பதிவு, காக்கட்டீலுக்குத் தேவையில்லை.

வேடிக்கை இதுதான்: சுதந்திரமாக வாழத் தெரிந்த பறவையை வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் அனுமதிக்கும் பறவைக்குச் சுதந்திரமாக வாழத் தெரியாது.

முதலில் உரியவரைத் தேடு

மீட்ட பறவை கிடைத்த அன்றே நம்முடையதாகிவிடுவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கலாம். கால்நடை மருத்துவர் சொன்ன முதல் புத்திமதி இது. குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டோம். பால் பூத், மருந்துக் கடை, பூங்கா வாசல் என்று ஏழெட்டு இடங்களில் அறிவிப்பு ஒட்டினோம். அறிவிப்பில் எல்லா அடையாளங்களையும் எழுதிவிடக் கூடாது என்பது அடுத்த புத்திமதி. நாங்கள் ஒன்றை மறைத்துக்கொண்டோம்: வலது காலின் பின்விரல் ஒன்றில் நகம் இல்லை.

அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. மூன்றாம் நாள் ஓர் இளைஞர் போன் செய்து பறவை தன்னுடையது என்றார். காலில் ஏதாவது அடையாளம் உண்டா என்றதும், "சிவப்பு வளையம் போட்டிருக்கும்" என்றார். வளையம் ஏதும் இல்லை. போனை வைத்துவிட்டார். இந்தப் பறவைக்குச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் மருத்துவரின் மேஜையில் பறவையின் பழைய வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. எடை 68 கிராம். இருக்க வேண்டியதைவிடக் குறைவு. நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டிருந்தது. முதுகில் இரண்டு கொத்துக் காயங்கள், ஆழமில்லை. வலது சிறகை விரித்துப் பார்த்தவர் சற்று நேரம் பேசவில்லை. பறப்பதற்கான நீண்ட இறகுகள் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு மட்டும் புதிதாக வளரத் தொடங்கியிருந்தன. ஒரு சிறகோடு புயலுக்குள் போன பறவை.

வெட்டிய இறகு நகம்போலத் தொடர்ந்து வளராது. அந்த இறகு உதிர்ந்து புது இறகு முளைக்க வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகலாம்.

எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிளி இனங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய 'சிட்டகோசிஸ்' என்ற நுரையீரல் நோய் உண்டு. சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும் என்றாலும் அலட்சியம் கூடாது. முடிவு தெரியும்வரை பறவையைத் தனி அறையில் வைத்து, தொட்டபின் கை கழுவ வேண்டும். வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது பிரித்து வைக்க வேண்டும். இன்னொன்று, காக்கட்டீலின் உடலிலிருந்து மாவுபோல ஒரு வெள்ளைத் தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும். அதன் இறகைக் காக்கும் இயற்கைப் பூச்சு அது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் தத்தெடுப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

மின்விசிறியும் தோசைக்கல்லும்

இந்திய வீடு பறவைக்காகக் கட்டப்பட்டதல்ல. பறவை கூண்டுக்கு வெளியே இருக்கும்போது மேலே மின்விசிறி ஓடக் கூடாது. இந்த ஒரு விதியை மறந்ததால் செத்த செல்லப் பறவைகளுக்குக் கணக்கில்லை. தில்லி மே மாதத்தில் இதைக் கடைப்பிடிப்பது தவம். ஜன்னலுக்குக் கம்பிவலை வேண்டும். திறந்த பக்கெட்டும் கொதிக்கும் பாத்திரமும் எமன்கள்.

கண்ணுக்குத் தெரியாத எமனும் உண்டு. ஒட்டாத பூச்சு பூசிய 'நான்-ஸ்டிக்' தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் வாயு, மனிதருக்குப் பெரிதாகத் தெரியாது. பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் அவ்வளவு வேகமாகக் காற்றை உறிஞ்சும் அமைப்பு கொண்டது. அம்மா 30 ஆண்டுகளுக்கு முன் கட்டிவைத்த இரும்புத் தோசைக்கல்லைப் பரணிலிருந்து இறக்கினார். ஊதுபத்தி பூஜை அறையோடு நின்றது. கொசுவர்த்தி போய்க் கொசுவலை வந்தது.

உணவில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதையைக் கொட்டிவிட்டால் பறவை ஆசையாகத் தின்னும். கொழுப்பு ஈரலில் சேரும். வெறும் விதையில் வைட்டமின் ஏ இல்லாததால் மூக்கிலும் தொண்டையிலும் நோய் வரும். தினை, சாமை, கம்பு, ஓட்ஸ் கலந்த தானியம் ஒரு பங்கு என்றால், கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய காரட், முளைகட்டிய பயறு, மக்காச்சோளம் இன்னொரு பங்கு வேண்டும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் விஷம். உப்பும் வெங்காயமும் சேர்ந்த நம் பலகாரம் எதுவும் ஆகாது.

கீரையைப் பார்த்ததும் எங்கள் விருந்தாளி கொண்டையை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு பின்வாங்கியது. வாழ்நாளில் பார்த்திராத பொருள். கடைசியில் நாட்டுமருந்துக் கடையில் தினைக் கதிர் கிடைத்தது. அதைக் கீரையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டதும் கொத்தத் தொடங்கியது. தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். சங்கப் பாட்டின் குறிஞ்சித் தலைவி தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து தட்டையைத் தட்டிக் கிளியை விரட்டுவாள். இங்கே தினையைக் காட்டிப் பறவையைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

கொண்டைதான் காக்கட்டீலின் முகபாவம். நேராக நின்றால் பயம் அல்லது வியப்பு. பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டி, வாய் 'ஸ்' என்று சீறினால் கையை எடுத்துவிட வேண்டும். தூங்கப் போகும்முன் அலகை அரைக்கும் மெல்லிய சத்தம் கேட்டால் அது உங்கள் வீட்டை நம்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். முழு இருட்டில் சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு கூண்டுக் கம்பியில் மோதிக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு. அறையின் மூலையில் சிறிய இரவு விளக்கு அவசியம்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். காட்டில் நோய்ப்பட்டதாகக் காட்டிக்கொள்ளும் பறவையைத்தான் வேட்டைப் பறவை முதலில் குறிவைக்கும். அதனால் நோயை மறைக்கும் குணம் கூண்டில் பிறந்ததிடமும் ஊறியிருக்கிறது. சோர்ந்து கீழே உட்கார்ந்தபின் மருத்துவரிடம் ஓடினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சமையலறைத் தராசில் ஐந்தாறு கிராம் குறைந்தாலே எச்சரிக்கை.

மூன்று சுர மணி

முதல் வாரம் முடிவதற்குள் ஒன்றைக் கவனித்தோம். தினமும் நாலு மணி வாக்கில் பறவை மூன்று சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். உயர்ந்து, தாழ்ந்து, நடுவில் நிற்கும். பிறகு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து மறுபடி. காக்கட்டீலில் விசிலடிப்பதும் ஒலிகளைக் கற்பதும் பெரும்பாலும் ஆண்தான். ஆகவே 'அவன்' என்று முடிவு செய்தோம். எதைக் கற்றான் என்பது தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் எங்கள் துணிகளை இஸ்திரி போடுபவர் தகவல் கொண்டுவந்தார். அடுத்த பாக்கெட்டில் இரண்டாம் மாடி வீட்டில் ஒரு வெள்ளைப் பறவை இருந்தது. இப்போது கூண்டில் துளசித் தொட்டி இருக்கிறது என்றார். அன்று மாலையே போனேன். அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே உயர்ந்து, தாழ்ந்து, நடுவில் நின்றது அதே மூன்று சுரம். யாரும் கதவைத் திறப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

திறந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. செல்போனில் படத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. "அரே, நம் சோனா! பேட்டி, நான்தான் பறக்க விட்டேன். அட்சய திருதியை அன்று காலையில் குளித்துவிட்டு, பூஜை முடித்துவிட்டுக் கூண்டைத் திறந்துவிட்டேன்" என்றார்.

2024-இல் அட்சய திருதியை மே 10, வெள்ளிக்கிழமை வந்தது. நம்மூரில் அன்று நகைக் கடை வாசலில் கூட்டம் நிற்கும். வடக்கே தானம் கொடுப்பவர்களுக்கும் அது பெரிய நாள். அன்று செய்த தர்மம் குறையவே குறையாது என்பது நம்பிக்கை. மகனுக்கு அசாமுக்கு வேலை மாற்றல். பறவையைக் கூட்டிப்போக முடியாது. யாருக்கு விற்றாலும் கூண்டில்தான் அடைப்பார்கள். மூதாட்டி தன் மனச்சாட்சிப்படி சிறந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். பால்கனிக் கம்பியில் உட்கார்ந்து அது வெகுநேரம் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்ததாம். கைதட்டி விரட்டியிருக்கிறார். அன்றிரவு புயல்.

இறகு வெட்டியிருந்தது அவருக்குத் தெரியாது. சில மாதங்களுக்கு முன் மகன் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டியிருக்கிறார். முதுகுக் காயத்தைப் படத்தில் பார்த்தவர், "காக்கை கொத்தியதா?" என்று கேட்டார். அதற்குமேல் பேசவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டிலும் அதே வார்த்தையைத்தானே அம்மா சொன்னார்? தில்லி செங்கோட்டைக்கு எதிரே ஜைனக் கோயில் வளாகத்தில் ஒரு பறவை மருத்துவமனை இருக்கிறது. 1929-இல் தொடங்கியது; 1957 முதல் அந்த இடத்தில் இயங்குகிறது. காயம்பட்ட புறாக்களையும் மற்றப் பறவைகளையும் இலவசமாகக் குணப்படுத்தி வானத்தில் விடுகிறார்கள். இந்த நாட்டின் மிக அழகான மரபுகளில் அது ஒன்று. புறாவுக்கும் கிளிக்கும் அது பொருந்தும், வானம் அவற்றுக்குத் தெரியும் என்பதால். தில்லி உயர் நீதிமன்றம் 2015-இல் பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு, அவற்றைச் சிறிய கூண்டில் அடைத்து வணிகம் செய்ய எவருக்கும் உரிமையில்லை என்று சொன்னதும் அந்த மரபின் குரலே.

ஆனால் அந்த மரபுக்குள்ளேயே ஒரு கோளாறு புகுந்துவிட்டது. புண்ணியத்துக்காக வாங்கிப் பறக்கவிடுவார்கள் என்பதற்காகவே வயல்களில் வலை வைத்து முனியாச் சிட்டுகளைப் பிடித்துவந்து விற்பவர்கள் உண்டு. விடுதலைக்குத் தேவை கூடக் கூடச் சிறைப்பிடிப்பும் கூடுகிறது. கூண்டில் பிறந்த அயல்நாட்டுப் பறவை விஷயத்திலோ விடுதலை என்பது கைவிடுதலுக்கு மறுபெயர். 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உடலை அசைக்க முடியாத சிறிய கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில் ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவதையும் அதே பிரிவு குற்றம் என்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழி ஒன்றுதான்: பொறுப்பான இன்னொரு கைக்கு மாற்றிக் கொடுப்பது.

பதினைந்து ஆண்டு வாக்கு

பறவை அவர்களுடையது, திருப்பித் தருவதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். தயாராக என்று எழுதிவிட்டேனே தவிர, படியேறும்போது அவர்கள் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு ஓடியதை மறைக்க வேண்டியதில்லை. அசாம் பயணம் ஜூலையில் என்றதால் அவர்களே என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரியவர்கள் சொன்னது போதாது. சோனாவின் உண்மையான சொந்தக்காரன் பத்து வயதுப் பேரன். பள்ளியிலிருந்து நாலு மணிக்கு வந்து மணியடிப்பவன் அவன்தான்.

மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சோனா கூண்டின் மேலிருந்து அவனை நோக்கித் தாவி, ஒற்றைச் சிறகோடு சாய்ந்து தரையில் விழுந்து, நடந்தே போய் அவன் காலில் ஏறியது. பையன் அழவில்லை. "ஆன்ட்டி, இவனுக்குக் கழுத்துக்குப் பின்னால்தான் சொறியணும், முதுகில் இல்லை" என்றான்.

காக்கட்டீல் நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுவரை வாழும். சோனாவுக்கு அப்போது மூன்று வயது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் தத்தெடுத்தால் அறுபதை நெருங்கும்வரை அந்தப் பொறுப்பு தொடரும். வீடு மாறலாம், உடல் தளரலாம், வேலை போகலாம். அதனால் எனக்குப்பின் யார் என்பதையும் எழுதி வைத்தேன். அக்கா மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். மீட்டவர்களிடமிருந்து தத்தெடுக்கப் போகிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் அதனோடு இருக்க முடியுமா? ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? பறவைகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் நகரில் எங்கே இருக்கிறார்? சிறகு வளர்ந்தபின் அறைக்குள் பறக்க விடும் பொறுமை இருக்கிறதா? ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், சிநேகமாகத் தோளில் வந்து உட்கார்ந்தது என்பதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எவர் தோளிலும் உட்காரும்.

அடுத்த சில மாதங்களில் சோனாவின் வெட்டிய இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து புதியவை முளைத்தன. எடை 88 கிராமுக்கு வந்தது. டிசம்பரில் ஒருநாள் காலை, விசிறி தேவைப்படாத குளிரில், அலமாரியிலிருந்து கிளம்பிக் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அதே அலமாரியில் இறங்கியது. அதன் பறக்கும் உரிமை எங்கள் வீட்டில் பதினாறடிக்குப் பன்னிரண்டடி.

ஊருக்குப் போவதற்கு முன் பையன் ஒரு நோட்டுத் தாளில் சோனாவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வேகவைத்த சோளம் பிடிக்கும். பலூன் பிடிக்காது. குளிப்பது காலையில்தான். கடைசி வரி: 'நாலு மணிக்கு மணி அடித்தால், வந்துட்டேன் என்று யாராவது சொல்லணும். இல்லாவிட்டால் அடித்துக்கொண்டே இருப்பான்.'

அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கிறேன். மூன்று சுர விசில் கேட்டதும் சமையலறையிலிருந்து பதில் சொல்வது, பறக்க விட்டுடு என்று சொன்ன அம்மாதான். "வந்தாச்சு, வந்தாச்சு" என்கிறார். சோனா கதவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தினைக்கு வருகிறது.